கப்பல் சோறு

மச்சான் முகத்தில் பூசிக்கொள்ளும் சுண்ணாம்பும் காவியும் ஓர் உடைந்த சட்டியில் குழைந்து கிடக்கும். அம்மன் திருவிழாக் கூத்தில் அவர்தான் கட்டியக்காரன், அதாவது கோமாளி. ராஜாவும் ராணியும் பாடி அழுது ஓய்ந்து, பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மணலில் சாய்ந்துவிட்ட விடியற்பொழுதில், தூங்குகிறவர்களை எழுப்புவதற்கென்றே அவரை உள்ளே அனுப்புவார்கள். அவர் பேசுகிற பகடி அத்தனையும் நான் கட்டியது. எங்கள் ஊர் பசியாவரத்தில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாட்டுக் கட்டிய வாத்தியாரின் பேரைச் சபையில் சொல்லிக் கும்பிடுவார்கள். பகடிக்கு அந்த மரியாதை கிடையாது. கோமாளி வாயில் வந்ததெல்லாம் கோமாளியுடையது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை யாராவது ‘இதை யாருப்பா கட்டினது?’ என்று கேட்க வேண்டும், நான் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்க வேண்டும். வலை இழுக்கும்போதும் படகில் தண்ணீர் இறைக்கும்போதும் எனக்கு அந்த நினைப்புத்தான். மச்சான் என் அக்கா புருஷன், தங்கமான மனுஷன். இருந்தாலும் ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன்?

ஏரிக்கு அக்கரையிலுள்ள கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், இருந்த காலம் அது. அவர்களுடைய கப்பல்கள் துணி மூட்டைகளோடு ஆட்களையும் விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிச் சாவகத் தீவுக்குப் போகும். வாங்குவதற்கு முன்னால் தரகன் ஒவ்வொருவன் உதட்டையும் பிரித்துப் பல்லைப் பார்ப்பான், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல. அதை வைத்துத்தான் ‘கப்பல் சோறு’ என்று ஒரு பகடி கட்டினேன். ஒரு சாப்பாட்டு ராமன் தானாகவே கோட்டை வாசலுக்குப் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். தரகன் பார்த்து முடித்ததும் இவன் கேட்கிறான்: “பல்லைப் பாத்துட்டியே சாமி, அதுக்கு வேல எப்போ குடுப்பே?”

தூங்கினவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அதன்பிறகு எந்த வீட்டில் சோறு தாமதமானாலும் இந்தப் பேச்சுதான். தெருவில் மச்சானைப் பார்த்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து காட்டும். என்னை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது கப்பலேறியவர்கள் எங்கேயோ மேற்கேயிருந்து பஞ்சத்துக்கு நடந்து வந்தவர்கள், எங்கள் ஜனம் இல்லை. அதனால்தான் அவ்வளவு சிரிப்பு வந்திருக்கிறது.

பிறகு எங்களுக்கே வந்தது. இரண்டு வருஷம் மழை பொய்த்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ள, கடல்தண்ணீர் உள்ளே வராமல் ஏரி சேறும் உப்புமாகக் காய்ந்தது. செத்த மீன் கரையெல்லாம் நாறியது. கடலில் பிடித்த கொஞ்ச மீனுக்கும் மாற்றாக நெல் கொடுக்க ஆளில்லை. அக்காவுக்குப் பால் வற்றி, கைக்குழந்தை செத்தது. மற்ற இரண்டும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் காலையில் மச்சான் “கூட வா”ன்னு கூப்பிட்டார். கணுக்கால் சேற்றில் ஏரியை நடந்தே கடந்தோம். கரையேறி அவர் கோட்டைப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஐயோ, வேண்டாம் மச்சான் என்று கையைப் பிடித்தேன்.

“ரெண்டு மூட்டை அரிசி தரான். இதுல யோசிக்க இன்னாடா கீது? தூக்கிட்டுப் போவ ஆள் வோணும், அதான் உன்னை இட்டாந்தேன்” என்றார்.

எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ‘நான் போறேன் மச்சான்’ என்று சொல்ல வேண்டியவன் நான். நாக்குவரை வந்தது. சொல்லவில்லை.

கோட்டை வாசலில் வரிசை நின்றது. தரகன் மச்சானின் உதட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். மச்சான் வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, கூத்துக் குரலை எடுத்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். விலா எலும்பை எண்ணிவிடலாம்போல நின்ற ஜனங்கள் சிரித்தார்கள். தரகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“யார்ரா கட்டினது இதை?”

மச்சான் என்னைக் காட்டினார். “தோ, என் மச்சினன். நான் பேசினது அத்தினியும் இவன் கட்டினதுதான்.”

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது, வெட்கங்கெட்ட நெஞ்சு. அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மச்சானை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் போனதைக்கூட நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பகடி கட்டவில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது, ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது, கூத்தும் நடக்கிறது. எவனோ ஒரு புதுக் கோமாளி ‘கப்பல் சோறு’ ஆடுகிறான், ஜனங்களும் சிரிக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. கட்டியவன் யார் என்று அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மச்சான் போன அன்றைக்கு இரண்டு நடையாக மூட்டைகளை வீட்டில் கொண்டுவந்து போட்டேன். சின்னது “நைனா வரலியா?”ன்னு கேட்டது. அக்கா மூட்டையையும் என்னையும் பார்த்தாள், பிறகு அடுப்பை மூட்டினாள். வாய்விட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சியாகக் கரைத்து ஊட்டிவிட்டு, எனக்குச் சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டேன்.

அக்கா போட்டாள்.