பாலத்தில் ஒரு மாத்திரை

பாயான் பாருவுக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரி அவள். ஒல்லியான உடம்பு, இழுத்து முடிந்த கொண்டை. பேருந்து பினாங்குப் பாலத்தில் ஏறியதும் பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"புள்ள தங்காம இருக்கத்தான்க்கா. மூணு பொண்ணு போதும் லா. அவருக்கு ஆம்பளப் புள்ள வேணுமாம். சொல்லிடாதீங்க."

அடுத்த மாதமே அவள் கணவனுக்கும் எங்கள் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவன் அவள் பக்கத்தில் உட்கார, நான் பின் இருக்கைக்குப் போனேன்.

பாலம் வந்தது. பைக்குள் போன அவள் கை வெளியே வரவில்லை.

"என்ன தேடுற?"

"தலைவலி மாத்திர."

அவன் என் பக்கம் திரும்பினான். "இவளுக்கு தெனமும் தலைவலியாக்கா?"

"ஆமா தம்பி," என்றேன்.

அவன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

"இனிமேயாச்சும் வெறும் வாயில முழுங்காத."

அவள் தண்ணீரில்லாமல் விழுங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.