படிகாரத் தண்ணீர்

அன்றைய வீடியோ காலில் அம்மா இருந்தார், அக்கா செல்வி இருந்தாள், பால் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துச் சித்தியும் இருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி கவிதா மட்டும் இல்லை. “குளிக்கறாடா” என்றார் அம்மா. முந்தின நாளும் அதையேதான் சொன்னார். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மோட்டார் ரூம் வாசலில்தான். புருசன் பெண்டாட்டி பேசுவதும் அங்கேதான், ஸ்பீக்கரில், நாலு பேர் நடுவில்.

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அதே வாரம் ஒன்று நடந்தது. காபி மிஷின் முன்னால் நின்றபடி, என்னோடு வேலை செய்யும் யொனாஸ் சூப்பர்வைசரிடம் சொன்னான்: “மாசமாக இருக்கும் என் மனைவிக்குப் பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.” தலைவலி என்று சொல்வதுபோலச் சொன்னான். அவரும் “சரி, போய் வா” என்றார். எனக்குத்தான் காது சுட்டது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆனால் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது வாத்தியார், “இத வீட்ல படிச்சுக்குங்க” என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார். வீட்டில் யாரோடு படிப்பது?

அம்மா சொன்ன குளியலையும் யொனாஸ் சொன்னதையும் சேர்த்துப் பார்த்ததும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கவிதாவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். சிக்னல் கிடைத்தபோது பதில் வந்தது. “அரிப்புங்க. எரியுது. தயிரு மாதிரி படுது. ஒடம்பு சூடுன்னு செல்வி அண்ணி படிகாரத் தண்ணிய உள்ள ஊத்திக் கழுவச் சொன்னாங்க. கழுவக் கழுவ இன்னும் எரியுது. யார்கிட்டயும் சொல்லாதீங்க.” நர்சிடம் சொல்லலாமே என்றேன். “அத்தை பக்கத்துலயே நிக்கறாங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப இது வந்துச்சுன்னா என்னப் பத்தி என்னா நெனப்பாங்க?”

வேலை முடிந்ததும் அப்போதேகே என்று இங்கே சொல்லும் மருந்துக்கடைக்கு ஓடினேன். ஊருக்குப் போகும் நண்பனிடம் களிம்பு கொடுத்தனுப்பலாம் என்று கணக்கு. கடைக்காரப் பெண் கேட்டதற்கெல்லாம் “யா, யா” என்றேன். மனைவி இந்தியாவில் இருக்கிறாள், டாக்டர் பார்க்கவில்லை, படிகாரத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறாள் என்றதும் களிம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு “நைன்” என்று மறுத்தாள். என் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி என்று நினைத்து வெடுக்கென்று திரும்பினேன். அவள் கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, எனக்குப் புரியும்வரை மெல்லச் சொன்னாள். கர்ப்பத்தில் பூஞ்சைத் தொற்று சகஜம், சரியாகிவிடும். ஆனால் இது வேறு கிருமியாகவும் இருக்கலாம். சிலவகை, பிரசவ வலியை முன்னாலேயே கொண்டுவரும். பார்க்காமல் மருந்து தர முடியாது. உள்ளே ஊற்றிக் கழுவுவதை இன்றே நிறுத்தச் சொல். வெட்கத்தோடு வெளியே வந்தேன்.

மறுநாள் அழைத்தேன். “கவிதாகிட்ட போனக் குடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா.”

“அடேங்கப்பா! தொரைக்கு ரகசியமா?” என்று அம்மா சிரித்தார். சித்தியும் சேர்ந்துகொண்டார். “கப்பல் ஏறுனாப் பொண்டாட்டி மேல பாசம் பொங்குமாட்டம்.”

தனியாகப் பேசினாலும் பயனில்லை, அம்மா துணையில்லாமல் அவள் படி தாண்ட முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதை மீறினேன். “கவிதாவுக்குப் பெண்ணுறுப்புல தொற்று இருக்குதும்மா. தப்பா எதுவும் இல்ல, மாசமா இருக்கறப்ப வர்றதுதான். படிகாரத் தண்ணிய நிறுத்துங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

சித்தி பால் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். திரை ஓரத்தில் கவிதாவின் முந்தானை தெரிந்தது. உடனே மறைந்தது. “ஏன்டா, இதச் சொல்றதுக்கா உன்னையப் படிக்க வெச்சோம்?” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமலே, “செல்வி, பத்தரை பஸ் போயிருச்சா பாரு” என்றார்.

சாயங்காலம் டிராமில் இருக்கும்போது, ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா பதிந்த வாய்ஸ் மெசேஜ் தாமதமாக வந்து சேர்ந்தது. “பூஞ்சைதான்டா தம்பி. ஒரு வாரம் ராத்திரில உள்ள வெக்கற மாத்திரை குடுத்திருக்காங்க. சக்கரையும் பாத்தாங்க, இல்ல. கொழந்த துடிப்பு நல்லாருக்குது. வெறும் தண்ணியில வெளிய மட்டும் கழுவணுமாம். காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி ஒழுகுனாலோ ஒடனே வரணுமாம். படிகாரம் யாரு சொன்னான்னு டாக்டரம்மா கேட்டாங்க, நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். கவிதா உங்கூடப் பேச மாட்டாளாம். நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டியாம். பேசறப்பப் பேசுவா, வுடு.”

அவள் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நின்றது. டிராம்தான் நின்றது என்று நான் எழுந்து கதவருகே போனேன். டிராம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றபோது மனம் இன்னும் அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தது, இறங்க மறந்தேன். என் நிறுத்தம் பின்னால் போயிற்று.

ராத்திரி அக்கா செலவுக் கணக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரியும் மாத்திரையும் இலவசம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். டாக்டர் சொன்னபடி வாங்கிய இரண்டு பருத்தி உள்ளாடை, ஆளுக்கொரு டீ. மொத்தம் இருநூற்றுப் பத்து ரூபாய்.