மேளத்துக்குப் பின்னால் ஊர்கிற கார்

நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவள் நான். அன்றைக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

என் மகன் விருத்தாசலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் விடுகிறவன். ஊர்வலத்தில் நின்று நின்று போனதில் இன்ஜின் சூடாகி, அவனுடைய பழைய கார் ஒரு மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்கிவிட்டது. அதனால் புதுச்சேரிக்காரர் ஒருவர் நிறுத்தியே வைத்திருந்த, மேலே திறக்கிற சிவப்பு அமெரிக்கக் காரை, நிலத்தை அடகு வைத்து வாங்கத் துடித்தான்.

“அதிகம் ஓடாத வண்டிம்மா. சும்மா பறக்கும்!” என்றார், அதை எங்கள் ஊருக்கு ஓட்டி வந்து காட்டிய தரகர்.

“பறக்கறது இருக்கட்டுங்க. மேளத்துக்குப் பின்னால ஊர்ந்து போவுமா?” என்று கேட்டுவிட்டேன்.

மகன் சிரித்தான். “அப்ப நீயே மேளக்காரங்க மாதிரி முன்னால நடம்மா, பாத்துடலாம்.”

நடந்தேன். சித்திரை வெயிலில், பீங்கான் கம்பெனி ரோட்டிலிருந்து கோயில் வாசல் வரை, நின்று நின்று நடந்தேன். கார் உறுமிக்கொண்டே பின்னால் வந்தது.

“ஆயா, மாப்ள எங்க காணோம்?” என்று கத்தினாள் ஒரு பூக்காரி.

“பின்னால வராரு பாரு, செவப்பா!” என்றேன். கடைவீதியே சிரித்தது.

கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தேன். வண்டி சூடாகவில்லை, ஒரு தடவைகூட அணையவில்லை.

“வாங்குடா!” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்குக்கூட அந்தக் கார் சும்மா நிற்கவில்லை. என் கல்யாண ஊர்வலத்தில் நான் குனிந்த தலை நிமிரவே இல்லை. இத்தனை வயதுக்கு மேல், மேளமே இல்லாத ஊர்வலத்தில்தான் நிமிர்ந்து நடந்தேன்.