ஜெறாட் அண்ணனின் பிரெஞ்சு வகுப்பு

ஜெறாட் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ருமேனியாவிலிருந்து வந்தது. அன்புவழிபுரத்தில் அவருடைய வீட்டுக்கும் என்னுடைய வீட்டுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான். ஆனாலும் தொலைபேசியில் முதலில் அழுதவள் அவரிடம் படித்த கோமதி. "அண்ணா, சேர் போயிட்டாராம். உங்களுக்குத் தெரியாதோ?" நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் தமிழ் படிப்பிக்கும் தனியார் கல்வி நிலையத்தில், பக்கத்து அறையில் அவர் பிரெஞ்சு படிப்பித்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பாரிஸ் கதையும் தெரியும். உணவகக் குசினியில் பல வருடம் கோப்பை கழுவினார். விசா இல்லையென்று பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குசினியில் போர்த்துக்கீசனும் இத்தாலியனும் ருமேனியனும் இருந்தார்கள். அவனவன் தன் மொழியில் பாண் ரொட்டி கேட்க, மற்றவன் விளங்கி எடுத்துக் கொடுத்தான். "ஒரு தாய்ப் பிள்ளையள் எண்டு அண்டைக்கே பிடிபட்டிட்டுது, தம்பி" என்பார். அந்தத் தாய் லத்தீன் என்பதைப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்.

கணவன்மார் பிரான்சில் இருக்க, விசாவுக்காகக் காத்திருக்கும் பெண்கள்தான் அவருடைய வகுப்பு. பாணுக்குப் பிரெஞ்சில் 'பேன்' என்று அவர் சொன்ன அன்று சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சம்பூர்ப் பெண் கோமதி விடவில்லை. "சேர், நாங்களும் பாண் எண்டுதானே சொல்லுறம். அப்ப தமிழும் லத்தீனின்ர பிள்ளையோ?"

"பக்கத்து வீட்டில இரவல் வாங்கின கதிரையில இருந்தா, அவையள் உனக்கு மாமாவோ? பாணும் கதிரையும் போர்த்துக்கீசன் கப்பலில கொண்டந்தது. சாமானை விடு, உடம்பைப் பார். கையை ஆரும் லேசில இரவல் வாங்கிறேல்லை."

பிறகு பலகையில் எழுதினார். லத்தீனில் கை மானுஸ். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மானோ, பிரெஞ்சில் மேன், ருமேனியாவில் முன. "எங்கட சொந்தம் வேற. மலையாளத்தானைக் கேள், கன்னடத்தானைக் கேள், கை கைதான்."

நிலையத்தின் உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. விசா நேர்காணலுக்கென்று ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுத்த கேள்வி பதிலைப் பாடமாக்கினால் போதும் என்பது அவருடைய கட்டளை. "இதுகளுக்கு லத்தீன் என்னத்துக்கு?" என்று பெண்களுக்கு முன்னாலேயே கேட்டார்.

"கிளிப்பிள்ளைக்கு விசா குடுக்கிறேல்லை, ஐயா. படிச்சவன்ர லத்தீன் புத்தகத்திலயே நிண்டிட்டுது. சிப்பாயும் சந்தைக்காரனும் கதைச்சதுதான் ஊரூராய் நடந்து பிரெஞ்சாகினது. இந்தப் பிள்ளையளும் கதைக்கட்டும்."

சொல்லிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தார். பாடமாக்க விரும்பியவர்கள் வேறு இடம் போனார்கள். மிஞ்சியது சிலர்தான்.

கோமதிக்குப் பிரான்ஸ் விசா கிடைக்கவில்லை. கணவனுக்குக் கொஞ்சமாவது கிட்டப் போகலாமென்று ருமேனியாவில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். ஒருநாள் மெசின் ஊசி கையில் ஏறி உள்ளே உடைந்தது. மேற்பார்வையாளன் துணியைச் சுற்றிவிட்டு வேலையைப் பார் என்று கைகாட்டினான். அவளுக்கு ருமேனிய மொழி தெரியாது. படித்த பிரெஞ்சில் கத்தினாள்: "மேன்! தூலேர்!" கை, நோவு. பக்கத்து மெசினில் இருந்த கிழவிக்கு விளங்கிவிட்டது. "முன! துரேரே!" என்று அவளும் சேர்ந்து கத்தி, அந்த வரிசையையே நிற்பாட்டினாள். அதன் பிறகுதான் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். கை தப்பியது.

இதைக் கேட்டு நான் துள்ளிக்குதித்தேன். "அண்ணை, நீங்கள் படிப்பிச்சது வென்றிட்டுது!"

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "என்னடாப்பா வென்றது? தமிழில கத்தினா ரத்தம் தெரியாதோ அவங்களுக்கு? கை நோகுது எண்டு சொல்ல ஒரு பிள்ளை இவ்வளவு படிக்க வேணுமோ?" கண் கலங்கிப்போய் எழுந்து வெளியே போனார். அடுத்த வகுப்பில் உடம்புச் சொற்கள் எல்லாவற்றையும், நோவுக்குரிய சொற்கள் எல்லாவற்றையும் ஐந்து மொழியிலும் எழுதிப் போட்டார்.

அடக்கம் முடிந்த அன்றே உரிமையாளர் என்னிடம் வந்தார். நிலையத்தின் வாசலில் அண்ணனுக்குப் பெரிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டிய அதே மனிதர். "வாத்தி இல்லாத வகுப்புக்கு அறை என்னத்துக்கு, தம்பி? கேள்வி பதில் தாளைக் குடுத்து அனுப்பிவிடும்."

சனிக்கிழமை பெண்கள் வந்தார்கள். தொலைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்தோம். திரையில் கோமதி தழும்பு விழுந்த கையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். சொன்னார்கள். நான் வாசலில் நின்றேன்.

அண்ணனின் சட்டைப் பையிலிருந்த வகுப்பறைப் பூட்டின் திறப்பை அவருடைய தங்கை என்னிடம் தந்திருக்கிறாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். உரிமையாளர் கேட்டு ஆளனுப்புகிறார். கொடுக்கமாட்டேன்.