அம்மருட் படிக்கட்டில் காத்திருந்தவள்

என் மனைவி என்னைப் பிரிந்து ஒஸ்லோவுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நோர்வேயின் வடகோடியில், மீன் ஆலையில் பணியாற்றிய நான், அப்பிரிவை எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. "அம்மா அங்கை படிக்கிறா" என்று சொல்லும்படி பதினைந்து வயது மகளையும் பழக்கியிருந்தேன்.

"இன்னும் முடியேல்லையோ? டொக்டருக்கே படிக்கிறா?" என்று ஆலையில் ஒருவர் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு மாசி மாத வியாழக்கிழமை, வேலை முடிந்து திரும்பியபோது மகளின் பாடப்புத்தகங்கள் கட்டிலின்மேல் அடுக்கப்பட்டிருந்தன. புத்தகப்பை இல்லை. 'அம்மாவிடம் போகிறேன்' என்றொரு துண்டுக் காகிதம் இருந்தது. பேருந்திலும் ரயிலிலுமாக ஒஸ்லோவை அடைய இரண்டு நாள் ஆகும். தாயின் தொலைபேசி எண்ணை நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. தாயின் கடித உறையிலிருந்த, ஒஸ்லோவின் அம்மருட் பகுதி முகவரியே அவளுக்குத் துணை.

பொலிசுக்கு அறிவித்தால் ஊர் அறியுமே என அஞ்சினேன். மனைவியை அழைத்தேன். எத்துயரச் செய்தியாயினும் முதலில் சுகம் விசாரிப்பது எங்கள் வழக்கம்.

"சுகமாய் இருக்கிறீரோ?"

"ஓம். என்ன புதினமாய் எடுக்கிறீங்கள்? பிள்ளைக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. அவள் சிநேகிதி வீட்டை போயிட்டாள்."

பிள்ளையைத் தனியே வளர்த்துக் காட்டுவேன் என்று சபதம் செய்தவன் நான். மகள் என்னை விட்டு ஓடினாள் என்று சொல்ல நா எழவில்லை. போய்ச் சேர்ந்தால் தானே தெரிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, மறுநாளும் மீன் வெட்டப் போனேன்.

ஞாயிறு பிற்பகல் மனைவி அழைத்தாள். ஒஸ்லோவுக்கு அருகே லோறென்ஸ்கூக்கில் உள்ள முதியோர் இல்லமொன்றில் அவளுக்கு வார இறுதி வேலை. வெள்ளியன்றே புறப்பட்டு, தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள். சனி காலை வந்து சேர்ந்த மகள், பூட்டிய கதவின் முன் படிக்கட்டிலேயே மறுநாள் வரை அமர்ந்திருந்திருக்கிறாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது. அண்டைக்கு எடுத்தீங்களே, அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

அவள் ஏசவில்லை. "சொல்லியிருந்தால் ஸ்டேசனிலை நிண்டிருப்பன்" என்றாள்.

அடுத்த கிழமை மகளின் உடுப்புகளோடு அம்மருட் சென்றேன். விருந்தாளியை உபசரிப்பதுபோல் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு ஏதுமோ எண்டு அம்மா கேட்டவா என்ன?"

"ஓம், பிள்ளை."

"நீங்கள் ஒண்டுமில்லை எண்டனீங்கள்."

தேநீரைக் குடித்து முடித்தேன். தாய் குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள், வெளியே வரவில்லை. நான் சப்பாத்தை மாட்டும்போது மகள் வாசல்வரை வந்தாள்.

"பள்ளிக்கூடம் மாறுற பேப்பருகளைப் போஸ்டிலை அனுப்புங்கோ அப்பா. கொண்டுவரத் தேவையில்லை."

அவ்வாறே அனுப்பினேன்.