அவர் அச்சில் இருந்த விரிசல்

வெண்கலச் சிற்பம் வார்க்கும் வகுப்பில் சேர்ந்தது நான். செம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்கு ஞாயிறு காலையில் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது மட்டும்தான் என் கணவரின் வேலை.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. சொல்லிக்கொடுத்தவர் எங்களைவிட இளைய பெண். என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணா என்றும் கூப்பிடுவார். இரண்டாவது வாரம், வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் ஒரு மெழுகு உருண்டையை நீட்டினார்.

“சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க அண்ணா, ஏதாவது பண்ணுங்களேன்.”

நான் ஒரு நடனப் பெண்ணைச் செய்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே வரைகிறவள். நோட்டில் பலமுறை வரைந்து, விரலுக்கு விரல் அளவெடுத்துச் செய்தேன். அவர் எங்கள் தெருவில் படுத்துக் கிடக்கும் நாயைச் செய்தார், ஒரே மணி நேரத்தில். ஒரு காது மடங்கியிருந்தது. வயிற்றைப் பார்த்தால் மூச்சு விடுவது போலவே இருந்தது.

ஆசிரியை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க, அண்ணாவுக்குக் கை தானா போகுது.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் நீட்டா பண்ணியிருக்கீங்க அக்கா.”

நீட்டா! குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோதும் அந்தச் சொல் காதிலேயே இருந்தது. என் கணவரோ, “தோசை மாவு வாங்கணுமா?” என்று கேட்டார். பெருமைப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மெழுகு உருவத்தின் மேல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டால் உள்ளே வெற்றிடம் கிடைக்கும். அதில்தான் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். அந்த மண் அச்சுகள் காய்ந்த வாரம், விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியை. இருந்தால் மண் பூசிக் கம்பி கட்டிவிடலாம். என் கணவர் எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்தார். அவருடைய அச்சையும் நானே திருப்பிப் பார்த்தேன். அடியில் நகக்கீறல் போல ஒரு கோடு.

“அக்கா, ரெண்டும் ஓகேவா?”

“ஓகே,” என்றேன்.

அடுத்த ஞாயிறு வார்ப்பு. என்னுடையது அமைதியாக நிரம்பியது. அவருடையதில் ஊற்றியதும் பக்கவாட்டில் சிவப்பாக ஒழுகி ஓடியது. “பின்னாடி போங்க!” என்று கத்திக்கொண்டே ஆசிரியை மணலை அள்ளிப் போட்டார். என் கணவரின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி அது நின்றது. இப்படி ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஆறியதும் உடைத்தோம். என் பெண் முழுசாக வந்திருந்தாள். நாய்க்கு முன்பாதி மட்டும். என் கணவர் சிரித்தார். வழியெல்லாம், “உன்னோடது சூப்பரா வந்திருக்கும்மா,” என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட்டேன். “அந்த விரிசலை நான் பார்த்தேங்க. வேணும்னுதான் சொல்லல.”

ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். “ஏன்?”

“உங்களுக்கு வந்தது எனக்கு வரலைன்னுதான்.”

அவர் உள்ளே போனார். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினார். வகுப்புக்கு இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிறன்று எனக்கு முன்னால் வண்டியை எடுத்து நிறுத்தியிருந்தார். இன்னொரு நாய் செய்தார். அச்சு காய்ந்ததும் போன தடவை போலவே பார்க்கக் கை நீட்டினேன். “வேணாம், நானே பார்த்துக்கறேன்,” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாவது நாய் முதலாவதைவிட நன்றாக வந்தது. என் நடனப் பெண்ணும் அந்த நாயும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் நாயைத்தான் கையில் எடுக்கிறார்கள். “அவர் பண்ணது,” என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது.