பலகை கொள்ளாத கடலைத் திலகம்

வேங்கிக்காலில் எழுத்து ஓடும் மின்பலகைக் கடை வைத்திருக்கும் சுப்பிரமணிக்கு நல்ல வார்த்தை மேல் ஒரு பைத்தியம். காலையில் கற்பூரம் ஏற்றிய கடையில் யாரும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. அப்படிப்பட்டவர் கடைக்கு நூரைன் சி மொழியில் நிரல் எழுத வந்தாள். வந்த முதல் நாளே, நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அவள் திரையில் ‘வார்னிங்’ என்று அறுபத்தோரு வரி கக்கியது.

“சாமி கும்பிட்ட இடத்துல எச்சரிக்கையாம்மா? அதை முதல்ல நிறுத்து.”

நிறுத்துவதற்குக் கட்டளையில் ஓர் எழுத்து சேர்த்தால் போதும். சேர்த்தாள். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது, கடையில் மங்கலம் பொங்கியது. இரண்டு வருடமாக உறுத்தல்தான், ஆனால் இந்த ஊரில் சி எழுதும் வேலை அவளுக்குத் தெரிந்து இது ஒன்றே. இதை விட்டால் பெங்களூர் விடுதியும் தண்ணீர்ச் சாம்பாரும்தான்.

போன பௌர்ணமியில் மங்கலம் உடைந்தது. கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கூடம். அதன் வாசலில் இவர்கள் மாட்டிய பலகை. மேல் வரியில் உபயதாரர், கீழ் வரியில் சாப்பாடு. அன்றைய உபயம் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஆதிமூலம். குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு பேரைப் பார்க்க வந்திருந்தார். மேல் வரியில் பேர் ஜம்மென்று ஓடியது. கீழ் வரியில் இப்படி ஓடியது: இன்றைய சாப்பாடு: ஆதிமூலம்.

வரிசையில் நின்ற ஒருவர், குழம்போடா ரசத்தோடா என்று கேட்டார். ஆதிமூலம் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி சந்திரம்மாள் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

“அடுத்த பௌர்ணமியும் அவருதுதான். திரும்ப இப்படி ஆச்சுன்னா நீ வேற இடம் பார்த்துக்கோம்மா” என்றார் சுப்பிரமணி. அவ்வளவு கோபத்திலும் ‘வேலை இல்லை’ என்று சொல்லாமல் தப்பித்துக்கொண்டார்.

மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நூரைன் அந்த ஓர் எழுத்தை அழித்தாள். இரண்டு வருடம் அடக்கி வைத்த வாய் திறந்தது. இருபத்து மூன்றாவது வரியில் விஷயம் இருந்தது: இருநூற்றைம்பத்தைந்து பைட் வரை வரக்கூடியதை நூற்று இருபத்தெட்டில் கொட்டுகிறாய். நூரைனுக்கு வெட்கமாகிவிட்டது. முதல் நாளிலிருந்து கம்பைலர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டவள் அவள்.

உபயதாரர் பேருக்கு அவள் ஒதுக்கிய இடம் நூற்று இருபத்தெட்டு பைட். தமிழில் ‘கொ’ எழுதினாலே ஆறு போய்விடும். ஆதிமூலம் ‘கடலைத் திலகம்’ மட்டும் போட்டுக்கொண்ட காலத்தில் பேர் அடங்கியது. போன மாதம் மச்சான் ஊரில் மேடை போட்டு ‘கொடைச் செம்மல்’ பட்டமும் கொடுத்துவிட்டான். பட்டங்கள் இடத்தை நிரப்ப, ஆதிமூலம் வழிந்து பக்கத்து இடத்தில் விழுந்தார். பக்கத்து இடம் சாம்பார் சாதத்துடையது.

இனி அளவு மீறிய பேரைப் பலகை வாங்கவே கூடாது என்று நிரலைத் திருத்தினாள். இடத்தைக் கூட்டவும் வழியில்லை, சுப்பிரமணி மலிவாக அள்ளி வந்த பலகைகளின் நினைவகச் சில்லில் எள் போட இடமில்லை. ஆதிமூலத்தைக் கடைக்கு வரவழைத்தார்கள்.

“ஐயா, ஏதாவது ஒண்ணை எடுத்தாதாங்க பலகை ஒத்துக்கும். ஊர் பேரை எடுத்துடலாங்களா?”

“ஊரை எடுத்தா சேத்துப்பட்டு ஆதிமூலம் தன்னைத்தான் போட்டிருக்குன்னு சொல்லிக்குவான்மா.”

“அப்ப கடலைத் திலகம்?”

“சங்கத்துல குடுத்தது. சங்கத்துக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?”

“கொடைச் செம்மல்?”

“மச்சான் குடுத்தது. வீட்டுல சோறு கிடைக்காது.”

ஒன்றரை மணி நேரம். இரண்டு தேநீர். சுப்பிரமணி கற்பூரத்தை இன்னொரு முறை ஏற்றினார். பௌர்ணமிக்கு மூன்று நாள்தான் பாக்கி, நூரைன் மனசுக்குள் பெங்களூருக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். “ஆதிமூலத்தை எடுத்துடும்மா.”

“ஐயா, அது உங்க பேருங்க.”

“எங்க ஊர்லயே நாலு ஆதிமூலம் இருக்காங்க. செம்மல் நான் ஒருத்தன்தான்.”

எடுத்துப் பார்த்தாள். பேர் முடிந்ததைக் காட்டும் குறியோடு சரியாக நூற்று இருபத்தெட்டு, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பலகை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கம்பைலர் கக்கியதில் மிச்சம் அறுபது வரியையும் அடுத்த இரண்டு நாளில் ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். எச்சரிக்கை இனி இருக்கட்டும், திரை மட்டும் சாமி படத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்று சுப்பிரமணி இறங்கி வந்தார்.

பௌர்ணமியன்று நூரைன் கூடத்து வாசலில் போய் நின்றாள். கீழ் வரியில் சாம்பார் சாதம் ஓடியது. மேல் வரியில் ‘கீழ்பென்னாத்தூர் கடலைத் திலகம் கொடைச் செம்மல்’ ஓடியது. ஆதிமூலம் பலகைக்கு நேர் கீழே புது வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

தட்டோடு வந்த ஓர் அம்மாள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவரிடமே கேட்டாள். “யாருங்க இந்தப் புண்ணியவான்?”

ஆதிமூலம் பலகையை அண்ணாந்து பார்த்தார். ஓடி முடிக்கும்வரை பார்த்தார்.

“தெரியலைங்க” என்றார் பணிவாக. “ரொம்பப் பெரிய மனுசர்னு மட்டும் தெரியுது.”